மெலிஞ்ச மாசத்தில் அவிழ்த்த நாம்பன்

சென்னை அணியின்ர மஞ்சள் சட்டையைக் கழட்டி வேலியில எறிஞ்சிட்டியாம் எண்டு உன்ர உம்மா சொன்னா. எறியாதே மகன். துணி நல்ல துணி. வரம்பு கட்டப் போகேக்க போடலாம். மதீஷ பத்திரணவைச் சென்னைக்காரர் விட்டிட்டாங்கள் எண்டு நீ பெரியமடுவில பட்டினி கிடந்தா, சேப்பாக்கத்தில ஒருத்தருக்கும் பசி கெடாது. உன்ர உம்மாவுக்குத்தான் சோறு மிச்சம்.

இந்தக் கிழவனுக்குக் கிரிக்கெட்டைப் பற்றி என்ன தெரியும் எண்டு நீ முணுமுணுக்கிறது காதில விழுகுது. நியாயமான கேள்விதான். மன்னார் மாவட்டத்தில பிறந்தவனுக்கு உதைபந்துதான் ஆட்டம். கிரிக்கெட் எண்டது சட்டை போட்டுக்கொண்டு நாள் முழுக்க வெயிலில நிக்கிற வேலை. அதை நாங்க வயலில சட்டை இல்லாமலே செய்து முடிச்சவங்கள். ஆனா 1996 இல அர்ஜுன ரணதுங்க லாகூரில கிண்ணம் தூக்கின அண்டைக்கு, ஊரை இழந்து புத்தளத்தில கிடுகுக் கொட்டிலுக்குள்ள இருந்த சனத்தோட நானும் ஒரு சின்னப் பெட்டிக்கு முன்னால குந்திக்கொண்டிருந்தன். அரவிந்த டி சில்வா அடிச்ச 107 ஓட்டத்தில ஒவ்வொண்டுக்கும் கத்தினம். ஊர் இல்லாதவனுக்கும் ஒரு அணி இருக்கலாம் எண்டு அண்டைக்குக் கண்டனான்.

அது ஆட்டம். நீ இப்ப கோவிக்கிறது ஆட்டத்துக்கில்லை. கட்டி வைக்கிறது, அவிழ்த்து விடுறது, ஏலம் கூறுறது, விலை பேசுறது. இதுக்குப் பேர் மாட்டு வியாபாரம். அதில எனக்குக் கொஞ்சம் வாயிருக்கு. நீ கேட்டுத்தான் ஆகவேணும்.

முதல்ல அந்தப் பொடியன் எப்பிடிப் பட்டிக்குள்ள வந்தான் எண்டதைப் பார். கண்டிப் பிள்ளை, திரினிட்டிக் கல்லூரி. எங்கட லசித் மாலிங்க மாதிரிக் கையைப் பக்கவாட்டில சுழட்டி எறிவான். 2020 இல 19 வயசுக்குட்பட்டவங்கட உலகக் கிண்ணத்தில, இந்தியாவுக்கு எதிரா அவன் போட்ட ஒரு பந்து மணிக்கு 175 கிலோமீற்றர் எண்டு மெஷின் காட்டிச்சுது. உலகத்தில ஒருத்தனும் அந்த வேகத்தில போட்டதில்லை. மெஷின் கோளாறு எண்டுதான் பிறகு எல்லாரும் எடுத்துக்கொண்டாங்கள். அந்தப் பந்து வைட் போல் வேற! ஆக, ஊருலகத்தில அவனுக்கு முதல் பேர் வாங்கிக் குடுத்ததே ஒரு பிழையான அளவை. இதை ஒரு மூலையில முடிஞ்சு வை, பிறகு தேவைப்படும்.

2022 இல சென்னை அணியில இருந்த நியூசிலாந்துக்காரன் அடம் மில்னுக்குப் பின்தொடை பிடிச்சுக்கொள்ள, பதில் ஆளா 20 இலட்சம் இந்திய ரூபாய்க்கு இவனைக் கூப்பிட்டாங்கள். ஐபிஎல்லில போட்ட முதல் பந்திலயே ஷுப்மன் கில்லின்ர காலைப் பிடிச்சான், எல்பிடபிள்யூ. அடுத்த வருஷம் 12 ஆட்டத்தில 19 விக்கெட்டு. சென்னை ஐஞ்சாம் தரமும் கிண்ணம் தூக்கிச்சுது.

அந்த 2023 இல ஒரு கூத்து நடந்தது, அதை நீ மறக்கக் கூடாது. வைகாசி 23, சேப்பாக்கம், குஜராத்தோட ஆட்டம். வெண்டா நேரா இறுதிப் போட்டி. பத்திரண இடையில வெளிய போய்க் கொஞ்ச நேரம் நிண்டிட்டு வந்தான். வெளிய நிண்ட நேரத்துக்கு உள்ள நிண்டு காட்டினாத்தான் பந்து போடலாம் எண்டது சட்டம். 16 ஆம் ஓவருக்குச் சென்னைத் தலைவர் தோனி பந்தை அவன்ர கையில குடுத்தார், நடுவர் தடுத்தார். எங்கட ஊர் ஆள் எண்டா பந்தைப் பிடுங்கி வேற ஆளிட்டக் குடுத்திட்டுப் போயிருப்பான். தோனி என்ன செய்தார்? நடுவரிட்டப் போய்ச் சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சார். மற்ற ஆக்களும் வந்து வட்டமா நிண்டாங்கள். விதியைக் கேட்டு, விளக்கத்தைக் கேட்டு, விளங்காத மாதிரித் திரும்பக் கேட்டு, நாலு நிமிஷம் போச்சுது. பிந்தின நேரமும் அதோட சரியாச்சுது. பொடியன் வந்து போட்டான். காணி அலுவலா கந்தோருக்குப் போய் மேசை மேசையா நிண்டு பழகின எனக்கே அப்பிடி ஒரு கதை கதைக்க வராது.

அவ்வளவு தேவை அவனில. அதே மாசத்தில பொடியன்ர குடும்பத்தைச் சந்திச்சு, பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அவன் எப்பவும் தன்னோட இருக்கிறான் எண்ட மாதிரித் தோனி ஆறுதல் சொன்னதா அவங்கட வீட்டாரே சந்தோசமாப் படத்தோட போட்டிருந்தாங்கள். சிவப்புப் பந்து ஆட்டத்துக்குக் கிட்டவும் அவனை விடாதேங்கோ, பெரிய தொடர்களுக்கு மட்டும் இறக்குங்கோ எண்டு இலங்கைக்காரருக்கும் புத்தி சொன்னார். எங்கட நாட்டுப் பிள்ளையை எங்கட நாடு எப்பிடிப் பாவிக்க வேணுமெண்டு அயல் பட்டிக்காரன் சொல்லித் தாறான்! ஆனா சொன்னதில பிழையில்லை. அந்தக் கையும் அந்தக் காலும் தேயிற சாமான்தான்.

இதுக்குள்ள ஒரு பழங்கதையும் இருக்கு. 2013 பங்குனியில, இலங்கை வீரர் இருந்தா சென்னையில ஆட்டம் நடத்த விடமாட்டன் எண்டு முதலமைச்சர் ஜெயலலிதா சொல்ல, அந்த வருஷம் ஐபிஎல்காரர் இலங்கையரைச் சென்னை ஆட்டங்களில இறக்கேல்ல. சென்னை அணிக்குள்ளயே நுவன் குலசேகரவும் அகில தனஞ்சயவும் இருந்தவங்கள். சொந்த வீட்டு முற்றத்தில மட்டும் அவங்களுக்கு இடமில்லை. சரியாப் பத்து வருஷம் கழிச்சு அதே மைதானம் ஒரு கண்டிப் பொடியனுக்கு விசில் அடிச்சுத் தொண்டை கட்டிச்சுது. போரைப் பற்றி ஏலக்காரர் கதைக்க மாட்டினம். நானும் இந்த இடத்தில கதைக்கேல்ல, வேற நாளைக்கு வா.

2024. மும்பையில, மும்பைக்கு எதிரா, 28 ஓட்டத்துக்கு 4 விக்கெட்டு. ரோகித் சர்மா 105 அடிச்சு ஆட்டமிழக்காம நிண்டும் மும்பை 20 ஓட்டத்தால தோத்துது. அந்தப் பருவத்தில 6 ஆட்டத்தில 13 விக்கெட்டு எடுத்தான். பிறகு அவனுக்கும் பின்தொடை பிடிச்சுது; வீட்டுக்கு வந்திட்டான். இன்னொருத்தன்ர பின்தொடையால உள்ள வந்தவன் தன்ர பின்தொடையால வெளிய போனான். அந்த ஆட்டத்தில கண்ணை நம்பிறதிலும் பார்க்கக் காலைத் தடவிப் பார்க்கிறது புத்தி.

சென்னை முதலாளிமார் காலைத் தடவிப் பார்த்தாங்களோ? அந்த வருஷம் ஐப்பசி 31 ஆம் திகதி, வச்சிருக்கப் போற ஆக்கள்ர பட்டியலைக் குடுத்தாங்கள். ருதுராஜுக்கு 18 கோடி, ஜடேஜாவுக்கு 18 கோடி, பத்திரணவுக்கு 13 கோடி, துபேக்கு 12 கோடி. தோனிக்கு 4 கோடி. நாட்டுக்கு ஆடி ஐஞ்சு வருஷம் தாண்டினவனை அறிமுகமாகாத ஆளாக் கணக்குப் பண்ணலாமெண்டு விதி. 43 வயசில, ரெண்டு உலகக் கிண்ணம் தூக்கின மனிசன் புதுமுகம்! எனக்கும் அப்பிடியொரு சட்டம் இருந்தாச் சொல்லு, உன்ர மூத்தம்மாவிட்டப் போய்ப் புதுசாப் பொண்ணு கேக்கிறன்.

இப்ப கணக்கைப் பார். நீ ஓஎல்லில கணிதத்துக்கு என்ன எடுத்தியோ தெரியாது, இது லேசு. 2023 இல 20 இலட்சம் சம்பளம், 19 விக்கெட்டு. விக்கெட்டு ஒண்டு கிட்டத்தட்ட ஒரு இலட்சம். 2025 இல 13 கோடி சம்பளம், 12 ஆட்டத்தில 13 விக்கெட்டு. விக்கெட்டு ஒண்டு ஒரு கோடி. அதே கை, அதே சுழட்டு. ஓவருக்குப் பத்து ஓட்டத்துக்கு மேல குடுத்தான், வைட் போலும் அள்ளி இறைச்சான். கை முன்னைய மாதிரிக் கீழால வரேல்ல எண்டு கொஞ்சப் பேர் சொன்னாங்கள், அடிக்கிறவங்கள் அவனைப் படிச்சிட்டாங்கள் எண்டு மற்றவங்கள் சொன்னாங்கள். ரெண்டும் உண்மையா இருக்கலாம். சென்னை 14 ஆட்டத்தில 4 ஐ வெண்டு, பத்து அணியில பத்தாவதா வந்துது. முதல் தரம் கடைசி. வீட்டில பாத்திரம் உடைஞ்சா ஆர் மேலயாவது பழி வேணும் தானே. அடிக்க வேண்டிய துடுப்பாட்டக்காரர் அடிக்காததுக்கும் சேர்த்து இவன்ர தலையில கொஞ்சம் விழுந்துது.

2025 கார்த்திகை 15. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் குடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினாங்கள். அதே நாள் பத்திரணவை அவிழ்த்து விட்டாங்கள். பையில 43 கோடியே 40 இலட்சம் மிச்சம். விட்டிட்டுச் சந்தையில குறைஞ்ச விலைக்கு அவனையே திருப்பி எடுப்பம் எண்ட நினைப்பும் இருந்திருக்கும் எண்டு சனம் பேசிக்கொண்டுது. முதலாளியின்ர மனசுக்குள்ள நான் போய்ப் பார்க்கேல்ல. ஆனா அந்த நினைப்பு எனக்கு நல்லாத் தெரிஞ்ச நினைப்பு.

எங்கட ஊரில ஒருத்தன், பேர் வேண்டாம், பள்ளியில எனக்குப் பக்கத்தில நிண்டு தொழுகிற ஆள். ஒரு செவலை நாம்பன் வச்சிருந்தான். ஆவணி மாசம், குளம் அடி தெரிய வத்தி, புல்லெல்லாம் கருகி, நாம்பன்ர விலா எலும்பை வேலிக்கு வெளிய நிண்டே எண்ணலாம். இவன் யோசிச்சான்: வைக்கோலுக்குக் காசு போகுது, இப்ப தள்ளிவிடுவம், மாரி பிறக்க அதே மாட்டை அரை விலைக்கு வாங்குவம். வவுனியாப் பக்கத்து வியாபாரி ஒருத்தன் வந்தான். விலாப் பக்கம் திரும்பியும் பார்க்கேல்ல. வாயைப் பிரிச்சுப் பல்லைப் பார்த்தான். ரெண்டு பல்லு. முன்னங்காலைத் தூக்கிக் குளம்பைத் தட்டினான். வாலடியை ஒருக்காத் தடவினான். ஒரு சொல்லும் பேசாமக் காசை எண்ணி வச்சிட்டுக் கயிற்றை அவிழ்த்தான். விலா புல்லில வந்திடும், இளம் பல்லு காசுக்கு வராது எண்டு அவனுக்குத் தெரியும். மழை கண்டு தையில நம்ம ஆள் அதே மாட்டை விசாரிக்கப் போனான். விலையைக் கேட்டிட்டு, மாட்டைப் பார்க்காமலே பஸ் ஏறினான். இண்டைக்கும் செவலை மாட்டைக் கண்டா அடுத்த ஒழுங்கையால போறான்.

மார்கழி 16, அபுதாபியில ஏலம். மல்லிகா சாகர் சுத்தியலோட நிக்கிறா. பத்திரணவின்ர ஆரம்ப விலை 2 கோடி. டெல்லியும் லக்னோவும் மாறி மாறிக் கையைத் தூக்கிக்கொண்டே போகுது. அவங்கள் ஓவருக்குப் பத்து ஓட்டத்தைப் பார்க்கேல்ல மகன். பல்லைப் பிரிச்சுப் பார்த்தாங்கள். வயசு 22, 23 ஆகிறதுக்கு இன்னும் ரெண்டு நாள். கடைசியாக் கொல்கத்தா நுழைஞ்சு 18 கோடிக்குக் கொண்டு போச்சுது. அண்டைக்கு வரைக்கும் இலங்கையன் ஒருத்தனும் ஐபிஎல்லில இவ்வளவுக்குப் போனதில்லை. அதுக்கு முதல் உச்சம் 2022 இல ஹசரங்கவுக்குப் பெங்களூர் குடுத்த 10 கோடியே 75 இலட்சம். இன்னுமொரு பகிடி கேள். அண்டைக்குக் கமரூன் கிரீனைக் கொல்கத்தா 25 கோடியே 20 இலட்சத்துக்கு எடுத்துது. ஆனா வெளிநாட்டானுக்குக் கையில போறது 18 கோடிதான் எண்டு விதி. மிச்சம் இந்தியக் கிரிக்கெட் சபைக்கு. ஊரெல்லாம் கிரீனின்ர விலையைச் சொல்லுது. வீட்டுக்குக் கொண்டு போறதில ரெண்டு பேரும் ஒண்டு.

அப்ப சென்னைக்காரர் முட்டாளோ? அவசரப்படாதே. விட்டுத் திரும்ப வாங்கிற யோசினை எப்பவும் பிழைக்காது. இதே கொல்கத்தா, வெங்கடேஷ் ஐயருக்கு 2024 ஏலத்தில 23 கோடியே 75 இலட்சம் குடுத்தது. ஆள் அடுத்த பருவத்தில 11 ஆட்டத்தில 142 ஓட்டம். அவிழ்த்து விட்டாங்கள். அதே அபுதாபியில பெங்களூர் 7 கோடிக்கு எடுத்தது. கொல்கத்தா அங்கயும் கை தூக்கிப் பார்த்திட்டு, கட்டாதெண்டு விட்டுது. விட்டதில அவங்களுக்கு இலாபம்தான். ஏனெண்டா இந்தியாவில மட்டையால அடிக்கிறவன் ஒழுங்கைக்கு ஒருத்தன் இருக்கிறான். பக்கவாட்டில சுழட்டி, கடைசி ஓவரில காலடியில யோக்கர் குத்துறவன் எத்தினை பேர்? மாலிங்க ஓய்ந்த பிறகு இவன் வரும் வரைக்கும் உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த பட்டியில கிடைக்காத சாமானைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, மலிவா வருமெண்டு வாசலில குந்தியிருக்கிறதுதான் பகிடி.

எனக்குச் சென்னையோட உள்ள வழக்கு விட்டதிலும் இல்லை, வச்சதிலும் இல்லை. ரெண்டு தரமும் நேற்றைய விக்கெட்டுக்கு இண்டைக்குக் காசு எண்ணினாங்கள். 2024 இல கொழுத்து நிக்கேக்க, காலையும் பார்க்காம 13 கோடி. 2025 இல மெலிஞ்சு நிக்கேக்க, பல்லையும் பார்க்காம வெளிய. அந்த 175 கிலோமீற்றர் மெஷின் இப்ப முதலாளியின்ர கந்தோரில இருக்குது போல. நான் அவங்கட இடத்தில இருந்திருந்தா, 13 கோடிக்கே இன்னொரு வருஷம் கட்டி வச்சு, பந்து போடுறதை விட்டிட்டு முதல் மூண்டு மாசம் கைக்கும் காலுக்கும் வேலை குடுத்திருப்பன். என்னை ஆர் கேக்கிறது? எனக்கு நெல்லு விலையே ஒருத்தரும் கேட்டுச் சொல்லுறதில்லை.

மிச்சம் பிடிச்ச காசை என்ன செய்தாங்கள் எண்டதுதான் இன்னும் ருசி. பிரசாந்த் வீர், 20 வயசு. கார்த்திக் சர்மா, 19 வயசு. ஆளுக்கு 14 கோடியே 20 இலட்சம். ரெண்டு பேரும் 30 இலட்சத்தில நிண்ட பொடியன்மார். அண்டைக்கு வரைக்கும் நாட்டுக்கும் ஆடியிருக்கேல்ல, ஐபிஎல்லிலயும் ஆடியிருக்கேல்ல. ஆக 47 விக்கெட்டு எடுத்துக் காட்டினவனுக்கு 13 கோடி கூடிப்போச்சுது. அப்ப ஒண்டும் எடுத்துக் காட்டாத ரெண்டு பேருக்கு 28 கோடியே 40 இலட்சம் குறைஞ்சு போச்சுது. அந்தப் பிள்ளைகள் நல்லா வரட்டும், நான் துவாச் செய்யிறன். வீரனாகவே வரட்டும். ஆனா காணாத பெண்ணுக்குத்தான் சீர் கூட எண்ட பழக்கம் எங்கட ஊரோட போகட்டும் எண்டு நினைச்சிருந்தன்.

டொரன்டோவில இருக்கிற என்ர கூட்டாளியின்ர மகன் ஒருத்தன், அமெரிக்கக் கால்பந்தில இதைவிடப் பெரிய விலை இருக்குது மாமா எண்டு போனில சொன்னான். குவார்ட்டர்பெக் எண்டு ஒருத்தன். பந்து அவன்ர கையாலதான் புறப்படும், அவன் இல்லாட்டி அணி முடம். 2022 வீரர் தெரிவில 262 பேரில 262 ஆவதா எடுத்த புரொக் பேர்டி எண்ட பொடியனைச் சான் பிரான்சிஸ்கோக்காரர் மூண்டு பருவம் வருஷத்துக்குப் பத்து இலட்சம் டொலருக்கும் குறைய வச்சு வேலை வாங்கினாங்கள். தெரிவில கடைசி ஆள் எண்டுதான் அவனைப் பகிடி பண்ணுவாங்கள். மூண்டு பருவம் முடியும் வரை புது ஒப்பந்தம் பேசவே ஏலாது எண்டது அங்கத்தைச் சட்டம். முடிஞ்ச உடனே, 2025 வைகாசியில, ஐஞ்சு வருஷத்துக்கு 26 கோடியே 50 இலட்சம் டொலருக்கு நீட்டினாங்கள். அதுக்கு முந்தின பருவம் அந்த அணி தோத்த ஆட்டம்தான் கூட. அந்த மெலிவைப் பார்த்து அவிழ்க்கேல்ல. அது கூடின விலையோ குறைஞ்ச விலையோ, எனக்கு அந்த ஆட்டமே விளங்காது; கையால எறியிறாங்கள், இடிச்சு விழுறாங்கள், திரும்ப எழும்பிக் கூடிக் கதைக்கிறாங்கள். நம்ம கமக்காரர் கூட்டம் மாதிரி. ஆனா முகத்துக்கு முகம் இருந்து பேசினாங்கள் பார், அது பிடிச்சுது. ஐபிஎல்லில வருஷா வருஷம் கயிறு அவிழும்.

இன்னொண்டும் சொல்லவேணும், நீ பத்திரணவுக்கு மட்டும் அழுகிறாய் எண்டதால. 2024 இல ஹைதராபாத்துக்கு எங்கட யாழ்ப்பாணத்துப் பொடியன் விஜயகாந்த் வியாஸ்காந்த் ஆடினான். ஹசரங்க காயத்தால வராமப் போக, 50 இலட்சத்துக்குப் பதில் ஆள். மத்திய கல்லூரியில படிச்சவன். வடக்கில சனம் தேத்தண்ணிக் கடையில எழும்பி நிண்டு பார்த்தது. அடுத்த பருவம் ஐபிஎல்லில அவனைக் காணேல்ல. நீ அண்டைக்கு எந்தச் சட்டையைக் கழட்டினாய்? 18 கோடிக்குப் போனவனுக்காகப் பட்டினி கிடக்கிறது என்ன நியாயம் மகன். அவன் நேற்று ராத்திரி நல்லாச் சாப்பிட்டிருப்பான்.

கொல்கத்தாக்காரருக்கும் ஒரு சொல் வச்சிருக்கிறன், நீ உந்தப் போனில எழுதத் தெரிஞ்சவன் தானே, அவங்கட முதலாளி ஷாருக் கானுக்கு அனுப்பிவிடு. பெரியமடுவில இருந்து ஒரு கிழவன் சலாம் சொன்னானெண்டு துவங்கு. லீக்கில 14 ஆட்டம். பொடியன் 14 உம் ஆடினா ஆட்டமொண்டு கிட்டத்தட்ட ஒரு கோடியே 29 இலட்சம் விழும், பரவாயில்லை. 2024 மாதிரி ஆறோட பின்தொடையைப் பிடிச்சுக்கொண்டு கண்டிக்கு வந்தானெண்டா ஆட்டமொண்டு மூண்டு கோடி. ஆனபடியாப் பந்துவீச்சுக் கோச்சுமாரில ஒருத்தரைக் குறைச்சு, கால் உருவத் தெரிஞ்ச வைத்தியன் ஒருத்தனைக் கூட வைக்கச் சொல்லு. ஆள் தேவையெண்டா நான் வரலாம். எங்கட மூத்த வாப்பா மாட்டுக்கும் மனிசனுக்கும் ஒரே எண்ணெயாலதான் உருவுறவர், அந்தக் கைப்பழக்கம் எனக்கும் இருக்குது. சம்பளம் 20 இலட்சம் போதும்.